இருபத்து நாலு வீட்டில் ஐந்து

என்னிடம் இருக்கும் பொக்கிஷத்தைத் திருட எவரும் வர மாட்டார்கள். மலேசியாவில் கூலிமுக்கு வெளியே ஒரு தாமான் குடியிருப்பு வீட்டின் பின்னறையில், மூச்சு வாங்கும் பழைய கணினி ஒன்றில், பெட்டி தள்ளும் ஆட்டத்துக்கான லெவல்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. பழைய ஆட்டம். மேலிருந்து பார்த்தால் தெரிவது போல ஒரு கிடங்கு, உள்ளே ஒரு குட்டி ஆள், சில பெட்டிகள், அவை போய்ச் சேர வேண்டிய இடத்தில் புள்ளிகள். ஆள் பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. அவ்வளவுதான் சட்டம். ஒரு பெட்டி மூலையில் போய் ஒட்டிக்கொண்டால் பிரம்மாவே வந்தாலும் எடுக்க முடியாது. முதல் அடியில் செய்த தப்பு ஐம்பதாவது அடியில்தான் தெரியும். எனக்கு அந்த ஆட்டம் பிடித்ததே அதன் ஈவிரக்கமில்லாத குணத்துக்காகத்தான்.

ஆட்டத்தோடு வந்த லெவல்களை எல்லாரும் எப்போதோ முடித்துவிட்டார்கள். பிறகு ஆடியவர்களே சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தார்கள். ஏதேதோ நாட்டில் ஒரு வாத்தியார், ஒரு பஸ் ஓட்டுநர், வேலையில்லாத ஒரு என்ஜினியர் என்று ஆளாளுக்குச் செய்து இணையத்தில் போட்டார்கள். அந்தப் பக்கங்கள் ஒவ்வொன்றாக மூடிப்போயின. மூடுவதற்குள் நான் அள்ளிக்கொண்டேன். அள்ளியதோடு விடவில்லை, ஒழுங்குபடுத்தினேன். செய்தவர் பெயரில் ஒரு ஃபோல்டர். அடுத்தவன் லெவலை இடவலமாகத் திருப்பிப் போட்டுத் தன்னுடையது என்பவன் வெளியே. தீர்வே இல்லாத லெவல் வெளியே. செய்தவர் பெயர் இல்லாத லெவலும் வெளியே. தப்பிப் பிழைத்த ஒவ்வொரு தொகுப்புக்கும் கீழே என் கருத்து ஒரு வரி. எல்லாவற்றையும், வெளியே தள்ளியவை கிடக்கும் ரிஜெக்ட் ஃபோல்டரையும் சேர்த்து, யாரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைத்தேன்.

அந்த ஒரு வரியில்தான் என் சந்தோஷமே இருந்தது. 'இவருக்குச் சுவர் என்றால் என்னவென்று யாராவது காட்டுங்கள்.' 'நாற்பது லெவலும் ஒரே லெவல்தான். முதலாவதே தூக்கம் வரவழைக்கிறது.' இப்படி எழுதுவேன். ஒருத்தர் என் வரியைப் படித்துவிட்டு லெவல் செய்வதையே விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வருத்தப்படவில்லை. தோழியிடம் சொல்லிச் சிரித்தேன். இந்த ஆட்டத்துக்காரர்கள் என்னை ஐரோப்பாவில் ஏதோ ஒரு கடுகடுத்த கிழவன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கூலிம் ஃபேக்டரி ஒன்றில் கியூசி என்று தரம் பார்க்கும் வேலை செய்யும் தமிழ்ப் பெண் என்று நானும் சொல்லிக்கொள்ளவில்லை. பயப்படுகிறவர்கள் பயப்படட்டுமே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு லெவல் செய்ய வராது. முயன்றேன். பத்துப் பதினைந்து செய்தேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஒவ்வொன்றும் பள்ளிக்கூடக் கணக்குப் போலச் சப்பென்று இருந்தது. அழித்துவிட்டு மற்றவர்களைத் திட்டும் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

ஃபேக்டரியில் என் வேலையும் அதே மாதிரிதான். லைனிலிருந்து வரும் மின்பலகைகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்ப்பேன். கறை, கீறல், ஈயம் ஒழுகிய இடம். எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை. அதற்குத்தான் லாட் முறை. ஒரு தட்டு நிறைய பலகை வந்தால் அதிலிருந்து ஐந்தை எடுத்துப் பார்ப்போம். ஐந்தும் சரி என்றால் தட்டு முழுவதும் சரி. ஒன்று தப்பு என்றால் தட்டு முழுவதும் ரிஜெக்ட். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவோம். சிவப்பு ஒட்டிய சாமானைச் செய்த ஆளே கொண்டுபோய் லைன் கடைசியில் இருக்கும் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். அதற்குப் பிறகு அது நொறுக்கும் இயந்திரத்துக்குப் போகும். சிவப்பு ஸ்டிக்கரோடு எதையும் வாசலுக்கு வெளியே கொண்டுபோக முடியாது, வாசலில் காவல் நிற்கும் ஜாகா விட மாட்டான்.

என் லைனில் ஓர் அக்கா இருபது வருடமாகப் பலகை பொருத்திக்கொண்டிருந்தார். கோலா கெத்திலிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் காலையில் எனக்கு முன்பே ஏறியிருப்பார். நடுவழியில் என் தாமானில் நான் ஏறினால் பக்கத்தில் இடம் வைத்திருப்பார். குள்ளம், கறுப்பு, நெற்றியில் எப்போதும் பெரிய பொட்டு. இங்கிலீஷ் வராது. மலாயும் சந்தைக்குப் போதுமான அளவுதான். ஒரு நாள் என் போனை எட்டிப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, பொட்டியத் தள்ளிக்கிட்டே இருக்க? வீட்டுல வேல இல்லையா?"

காட்டினேன். இரண்டாம் நாள் கையில் வாங்கினார். மூன்றாம் வாரம், நான் ஒரு வாரமாக முட்டி மோதிக்கொண்டிருந்த லெவலைப் பஸ் பாடாங் செராய் தாண்டுவதற்குள் முடித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "இது சூசா இல்லலா, கஷ்டமே இல்ல. மொதல்ல தள்ளுனத கடைசியிலதான் தள்ளணும்." நான் சிரித்தேன். வயிறு எரிந்தது.

ஒரு வருடம் கழித்து அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். லைனில் வயதான பெண்கள் எல்லாருக்கும் அதே கடிதம். ஜித்ராவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னார். கடைசி மாதத்தில் ஒரு நாள் பஸ்ஸில் ஒரு நோட்டை என் மடியில் வைத்தார். பிள்ளைகள் கணக்குப் போடும் கட்டம் போட்ட நோட்டு. பக்கத்துக்கு ஒரு லெவல். சுவர்களைப் பழுப்பு நிறப் பென்சிலால் தீட்டியிருந்தார். கீழே பொடிப் பொடியாகத் தீர்வு. மே, கீ, இ, வ. மேலே, கீழே, இடது, வலது.

"எங்க லயம்," என்றார், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை. "தோட்டத்த வித்தப்ப ரெண்டு வாரத்துல காலி பண்ணச் சொன்னானுங்க. இருவத்திநாலு வீட்டு சாமானும் வெளிய வரணும். வாசப்படி சின்னது. அலமாரி உள்ள போனது எப்படின்னு எவனுக்கும் ஞாபகம் இல்ல. நான் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எத முன்னால எடுக்கணும், எத பின்னால எடுக்கணும். ஒவ்வொரு வீடும் அப்படியே தலையில இருக்கு."

"லயத்த நெனச்சா அழுகை வருமாக்கா?" என்று கேட்டேன். சும்மா சீண்டத்தான்.

"அந்த நரகத்துக்கு யாரு அழுவா? மழ பேஞ்சா கக்கூசு தண்ணி அடுப்படிக்கு வரும். நான் சொல்றது சாமான் கணக்கு." பிறகு கொஞ்சம் தயங்கினார். "இருவது வருஷம் இங்க வேல செஞ்சேன். என் பேரு அட்டையில மட்டுந்தான் இருக்கு, அதையும் போற அன்னைக்கு வாங்கிக்குவானுங்க. உன் கம்பியூட்டருல என் பேரு போட்டு இத வைக்கிறியா? வெளிநாட்டுக்காரனெல்லாம் பாப்பான்னியே."

ஒரே பிரதிதான் என்றும் சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து தே ஓ என்ற பாலில்லாத டீ கலக்கி மேசையில் வைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தேன். முதல் லெவலைத் தட்டச்சு செய்து ஆடிப் பார்த்தேன். பதினைந்து நிமிடத்தில் முதுகு நிமிர்ந்துவிட்டது. லயத்து வீடு எல்லாம் ஒரே அளவு, ஒரே சுவர். ஒரு கூடம், ஒரு அறை, அடுப்படி. அந்த ஒரே சுவருக்குள் ஒரு கட்டில், ஒரு தையல் இயந்திரம், ஒரு அரிசிப் பெட்டி. இரண்டாவது வீட்டில் அடுப்படிக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தார்கள், அந்த ஒரு கட்டத்தால் வழி முழுவதும் மாறிவிட்டது. இப்படி ஒரு தொகுப்பை நான் சேர்த்த ஆயிரக்கணக்கில் பார்த்ததில்லை. எழுதப் படிக்கத் திணறும் ஒரு பொம்பளை, நான் பொறுக்கிக்கொண்டிருந்த இடத்தில் ஆண்டுவிட்டுப் போகிறாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பை அதே மரியாதைக் குறைவோடு எழுதுகிறேன், அப்படித்தான் நினைத்தேன். எனக்குப் பொறாமை.

மரியாதையாக இருபத்து நாலையும் பார்த்திருக்க வேண்டும். நான் லாட் முறைக்குப் போனேன். அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. தட்டில் ஆங்காங்கே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது சட்டம், நான் முதல் ஐந்து பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு நோட்டை மூடினேன். நான்கு சரியாக வந்தன. ஐந்தாவதைத் தட்டச்சு செய்து, தீர்வு தேடும் மென்பொருளில் விட்டேன். சின்ன லெவல் என்றால் அது எல்லா வழியையும் நடந்து பார்த்துவிட்டு முடிவாகச் சொல்லும். சொன்னது: தீர்வு இல்லை.

மனசு குளிர்ந்துவிட்டது. பக்கத்துக்குக் கீழே அக்கா எழுதியிருந்த தீர்வை ஒரு தடவை விரல் வைத்து நடந்து பார்த்திருக்கலாம். மே, கீ என்று எழுதினால் என் மென்பொருளுக்குப் புரியாது, எனக்கும் பொறுமையில்லை. இந்த முடிவு எனக்குத் தேவையாக இருந்தது, வந்ததும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டேன். ஐந்தையும் ரிஜெக்ட் ஃபோல்டரில் போட்டு, எல்லாரும் படிக்கிற இடத்தில் ஒரு வரி எழுதினேன். 'இந்த வீட்டைக் காலி செய்ய முடியாது, இடிக்கத்தான் வேண்டும்.' என்னவொரு சாமர்த்தியம் என்று நானே ரசித்தேன்.

மறுநாள் கேண்டீனில் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அட்டையின் மேல் லைனிலிருந்து எடுத்து வந்த சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டியிருந்தேன். வேடிக்கைக்கு. மேசையிலிருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

"ரோசாக்கா, பழுதா?" என்று கேட்டார் அக்கா.

"அஞ்சாவது வீடு ரோசாக். வழியே இல்ல."

"மிச்சம் பத்தொம்போது?"

"பாக்கலக்கா. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். லாட் ரிஜெக்ட்னா லாட் ரிஜெக்ட்தானே, ஒங்களுக்குத் தெரியாததா?"

திரும்பவும் சிரிப்பு. இவர் லாட்டுகளை நான் எத்தனை தடவை ரிஜெக்ட் செய்திருக்கிறேன், ஒரு தடவை கூட எதிர்த்துப் பேசியதில்லை. இப்போதும் பேசவில்லை. ஸ்டிக்கரைப் பார்த்தார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். நான் அவர் கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். கெஞ்சினால் நாலு லெவலைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று பெரிய மனது காட்டலாம் என்று ஒரு திட்டம்கூட வைத்திருந்தேன்.

ஷிஃப்ட் முடிந்து மணி அடித்ததும் அக்கா லைன் கடைசிக்கு நடந்தார். கையில் அன்றைய ரிஜெக்ட் பலகைகள் இருந்த தட்டு. தட்டின் மேல் நோட்டு. பலகைகளைச் சிவப்புத் தொட்டியில் கொட்டினார். நோட்டையும் போட்டார். தொட்டிப் பக்கத்தில் தொங்கும் தாளில் வழக்கம் போலக் கையெழுத்துப் போட்டார். நான் இருபதடி தூரத்தில் பூதக்கண்ணாடிக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தேன். "அக்கா, அது வெறும் ஸ்டிக்கர், கிழிச்சுப் போடுங்க" என்று ஒரு வார்த்தை போதும். வாயைத் திறக்கவில்லை. தொட்டியை மறுநாள் காலையில்தான் காலி செய்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். போய் எடுக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் அக்கா போய்விட்டார். கேக் வெட்டினார்கள். நான் அன்று வேலைக்குப் போகாமல் சூத்தி போட்டிருந்தேன்.

சில மாதம் கழித்து ஒரு மின்கடிதம் வந்தது. என் தொகுப்பை இறக்கி ஆடுகிற ஓய்வு பெற்ற மனிதர் ஒருவர், வெளிநாட்டுக்காரர். ரிஜெக்ட் ஃபோல்டரைத் துருவுவது அவருக்குப் பொழுதுபோக்காம். ஐந்தாவது வீட்டில் அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கும் ஒரு சுவர்க் கட்டம் மட்டும் வெறும் தரையாக இருந்தால், உங்கள் தொகுப்பிலேயே இதுதான் அழகான லெவல் என்று எழுதியிருந்தார். கடைசியில் பணிவாக ஒரு கேள்வி: சரியாகப் படியெடுத்தீர்களா?

போனில் இருந்த படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினேன். மற்றச் சுவர்க் கட்டங்களில் பென்சில் கோடுகள் தெரிந்தன. அந்த ஒரு கட்டத்தில் கோடு இல்லை. பழுப்பாக, ஓரம் வட்டமாக, நடுவில் வெளிறிப் போய் ஒரு கறை. தே ஓ. என் குவளையிலிருந்து சிந்திய ஒரு சொட்டு. படத்தின் மூலையில் குவளையின் பிடிகூட விழுந்திருந்தது. மே, மே, வ என்று அக்கா எழுதியதைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தேன். பன்னிரண்டாவது அடியில் ஆள் அந்தச் சொட்டு விழுந்த இடத்தைக் கடந்து போனான். அலமாரி வெளியே வந்தது. தையல் இயந்திரம் வெளியே வந்தது. வீடு காலி.

கறை கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

அடுத்த ஓய்வு நாளில் காரை எடுத்துக்கொண்டு ஜித்ராவுக்குப் போனேன். முதலில் மன்னிப்பு, பிறகு மற்றதெல்லாம் என்று நெடுஞ்சாலை முழுவதும் ஒத்திகை பார்த்தேன். மகள் வீட்டில் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறார்கள். அக்கா பின்கட்டில் முக்காலி போட்டு, தமிழ்ப் பேப்பரை விரித்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை.

"வா தங்கச்சி. பசியாறிட்டியா?"

ஆச்சு என்றேன். உட்கார்ந்தேன். "அக்கா, அந்த அஞ்சாவது வீடு சரியாத்தான் இருந்திருக்கு. என் தே ஓ சிந்தி சுவரு மாதிரி தெரிஞ்சிருச்சு. தப்பு என்னோடது."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நான் போட்டது சரின்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்க்கா தொட்டியில போட்டீங்க?"

"செவப்பு ஒட்டுனா தொட்டிலா. இருவது வருஷமா எனக்கு வேற என்னா பழக்கம்?" இன்னொரு வெங்காயத்தை எடுத்தார். "அதோட நீ அங்கதான் நின்ன. கூப்புடுவியான்னு பாத்தேன்."

இந்த இடத்தில்தான் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு. "மிச்ச வீடெல்லாம் ஞாபகம் இருக்காக்கா?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"அதுக்குத்தான் வந்தியா?"

நான் ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்தேன்.

"எல்லாம் இருக்கு. ஒண்ணு விடாம இருக்கு. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னியே, எல்லாரும் சிரிச்சாங்களே. அது ஒரே பானையில வெந்த சோத்துக்கு. இது இருவத்திநாலு வீடு, இருவத்திநாலு அடுப்பு. ஒருத்தி வீட்டுச் சோறு குழஞ்சா அடுத்தவ வீட்டுச் சோத்தையும் குப்பையில கொட்டுவியா?"

"அந்த அஞ்சையாவது ஒங்க பேரு போட்டு வைக்கிறேன்க்கா."

"போடாத. இருவத்திநாலு போட்டவ நான். அஞ்சு போட்டவன்னு ஊரு உலகத்துக்குச் சொல்லாத."

பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டார். பேப்பரில் ஒரு விளம்பரத்தின் ஓரத்தில் வெள்ளையாக இருந்த இடத்தில் கட்டம் போட்டார். சுவர், வாசல், அடுப்படி, நடுவில் ஒரு தடுப்பு, ஆறு பெட்டி.

"ஆறாவது வீடு. எங்க வீடு," என்றார். "இன்னும் ஒரு பக்கம் திருப்பியிருந்தா பாத்திருப்ப."

நான் குனிந்தேன். பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கை தானாகப் போனுக்குப் போனது. அதற்காகவே காத்திருந்தது போல அக்கா வெங்காயத் தோலை இரண்டு கையாலும் அள்ளி அந்தக் கட்டத்தின் மேல் போட்டார். பேப்பரைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் திணித்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். கோப்பி குடித்துவிட்டுப் போ என்றார். குடித்தேன். நன்றாக இருந்தது. வாசல் வரை வந்து, ரோட்டில் லோரி அதிகம், பார்த்துப் போ என்றும் சொன்னார்.

காருக்குள் ஏறியதும் கைக்குக் கிடைத்த ரசீதின் பின்பக்கத்தில் நினைவில் இருந்ததை வரைந்தேன். வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்து மென்பொருளில் விட்டேன். தீர்வு இல்லை. தடுப்பை ஒரு கட்டம் தள்ளிப் பார்த்தேன். தீர்வு இல்லை. பெட்டிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் ஞாபகம் தப்பாக இருக்கலாம். அல்லது அக்கா வேண்டுமென்றே ஒரு கட்டத்தைத் தப்பாகப் போட்டிருக்கலாம். அவர் கை தப்பாகப் போடுகிற கை இல்லை என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் இரண்டாவதை நம்புகிறேன்.

வெளிநாட்டுக்காரருக்குத் தப்பை ஒப்புக்கொண்டு எழுதினேன். ஐந்து வீட்டையும் ரிஜெக்டிலிருந்து எடுத்துத் தொகுப்பில் வைத்தேன், என் ஒரு வரியை அழித்தேன். ஆடியவர்களெல்லாம் கொண்டாடுகிறார்கள். செய்தவர் யார், மீதி எங்கே என்று கேட்கிறார்கள். என் தொகுப்பில் பெயரில்லாத ஃபோல்டர் அது ஒன்றுதான், நான் போட்ட சட்டப்படி அதை வெளியே தள்ள வேண்டும். தள்ளவில்லை. இங்கேயும் அக்காவின் பெயரை எழுதவில்லை, அவர் சொன்னபடிதான். மீதி பத்தொன்பது வீடு எப்படி இருந்தன என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. நோட்டு என் வீட்டில் ஓர் இரவு முழுவதும் மேசை மேல் இருந்தது. நான் அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.